‘ஒத்துழைக்க இயலாதோர்’ என்று யாரை எழுதுகிறோம்?

கேள்வி: சமூக மருத்துவத்தில் முதுநிலை படிக்கிறேன். சர்க்கரை நோய்ப் புறநோயாளிகளிடையே மனச்சோர்வு எந்த அளவுக்கு இருக்கிறது என்பது என் ஆய்வேடு. மனச்சோர்வை அளக்க பி.எச்.கியூ.-9 என்ற கேள்வித்தாளை முந்நூறு பேரிடம் பயன்படுத்தப்போகிறேன். யாரையெல்லாம் சேர்க்க மாட்டோம் என்று சொல்லும் விலக்கு நிபந்தனைகள் பகுதியில், முந்தைய ஆய்வேடுகளில் இருந்ததைப் பார்த்து, ‘அறிவுசார் குறைபாடு, வளர்ச்சிசார் கோளாறு உள்ளோர் மற்றும் ஒத்துழைக்க இயலாதோர்’ என்று எழுதினேன். என் தம்பிக்கு 26 வயது, ஆட்டிசம் உண்டு. எழுத்துப்பிழை பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. என் வரைவுகளை அவன்தான் திருத்துவான். அந்த வரியில் நிறுத்தி, “எனக்குச் சர்க்கரை வந்தால் இதில் நான் இல்லையா?” என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த வரியை எடுத்துவிடலாம் என்றால், “எத்திக்ஸ் கமிட்டி ஒத்துக்கொள்ளாது, ஆய்வேடும் முடியாது” என்கிறார் கைடு. எடுக்க முடியுமா மேடம்? எடுத்தால் வேறு என்னவெல்லாம் மாற்ற வேண்டும்? இப்படிச் சேர்பவர்களின் எண்ணிக்கை கணக்குக்குப் போதுமா? தம்பியையே முதல் பங்கேற்பாளராகச் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்:

அன்புள்ள டாக்டர்,

உங்கள் தம்பியின் கேள்விக்கு நேர்மையான பதில், “ஆமாம், நீ இதில் இல்லை” என்பதுதான். அதைச் சொல்ல வாய் வரவில்லை என்பதாலேயே எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தயக்கம் நல்லது. என்னைப் போன்றவர்களுக்கு அது பல வருடங்களுக்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் எத்திக்ஸ் கமிட்டியில், அதாவது ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில், நான் உட்கார்ந்தவள். ஒரே பிற்பகலில் பதினைந்து ஆய்வுத் திட்டங்கள் மேசைக்கு வரும். எத்தனை மில்லி ரத்தம் எடுக்கிறீர்கள், இழப்பீட்டுக்கு யார் பொறுப்பு, படிவத்தில் தொலைபேசி எண் இருக்கிறதா என்றெல்லாம் துருவுவோம். விலக்கு நிபந்தனைகளில் உங்களுடைய அதே வரி பாதிக்கும் மேற்பட்ட திட்டங்களில் இருக்கும். கர்ப்பிணிகளை ஏன் விலக்கினீர்கள் என்று கேட்டதுண்டு. இந்த வரியை ஏன் போட்டீர்கள் என்று நான் ஒருவரையும் கேட்டதாக நினைவில்லை. டீ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிடுவோம். சீனியரின் ஆய்வேட்டிலிருந்து ஜூனியர் எடுப்பார், அவரிடமிருந்து அடுத்தவர். இப்படிக் கைமாறி உங்கள் கணினிக்கு வந்து சேர்ந்த வரி அது.

உங்கள் தலைப்பில் இந்த வரி கூடுதலாக இடிக்கிறது. ஆட்டிசம் உள்ள பலருக்கு, எரிச்சலையும் ஆவேசத்தையும் தணிக்க ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளைச் சிறு வயதிலேயே தொடங்கிவிடுகிறோம். அந்த மருந்துகள் எடையைக் கூட்டும், சர்க்கரையையும் ஏற்றும். சர்க்கரை வருவதற்கு நாமே வழி செய்துவிட்டு, சர்க்கரை பற்றிய ஆய்வு என்றதும் அவர்களை வாசலிலேயே நிறுத்துகிறோம். பிறகு அப்படிப்பட்ட ஒருவர் ஓ.பி.யில் வந்து நின்றால், அவரில்லாமல் எடுத்த கணக்கைக் கொண்டு அவருக்கு மருந்து எழுதுகிறோம்.

ஆட்டிசத்தைப் பற்றியே நடக்கும் ஆய்வுகளும் இதற்கு விலக்கல்ல. 2016-இல் ஆட்டிசம் ஆய்விதழ்களில் வெளியான ஆய்வுகளை ஜின்னி ரசல் என்ற ஆய்வாளரின் குழுவினர் திரட்டிப் பார்த்து 2019-இல் எழுதினார்கள். அவற்றில் பங்கேற்ற ஆட்டிசம் உள்ளவர்களில் 94 சதவீதம் பேருக்கு அறிவுசார் குறைபாடு இல்லை. வெளியே உள்ள நிலவரம் அப்படியல்ல. பேசக்கூடிய, உட்காரச் சொன்னால் உட்காரக்கூடிய, படிவத்தை நிரப்பக்கூடிய ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டு ‘ஆட்டிசம் என்றால் இன்னது’ என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

‘ஒத்துழைக்க இயலாதோர்’ என்பதற்கு வருகிறேன். இந்தச் சொல்லைக் கேட்டால், ஏதோ அந்த ஆளின் பிறவிக் குணம் போலத் தோன்றும். எனக்குத் தெரிந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். முப்பது வயதிருக்கும் ஒருவர், காதில் பெரிய ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தார். தலைக்கு மேல் ஒரு டியூப்லைட் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. டோக்கன் எண்ணை ஒருவர் கத்திக் கத்திக் கூப்பிட்டார். தரையில் பினாயில் ஊற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய முறை வந்தபோது, ஆய்வுக்காக விவரம் எடுக்க உட்கார்ந்திருந்த இளம் டாக்டர், “முதலில் அதைக் கழற்றுங்கள், பெரியவர்கள் முன்னால் இப்படியா இருப்பது?” என்றார். கழற்றினார். நான்காவது கேள்வியில் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். விவரம் குறிக்கும் தாளில், அதாவது புரொஃபார்மாவில், ‘ஒத்துழைக்கவில்லை’ என்று பதிவானது. இரண்டு மணி நேரம் அந்தக் கூச்சலில் உட்கார்ந்திருந்தாரே, அதற்கு ஒத்துழைப்பு என்று பெயரில்லையா? ஹெட்ஃபோன்தான் அவரை அந்த இடத்தில் இருக்க வைத்திருந்தது. அதைப் பிடுங்கியது நாம்.

ஆகவே முதல் வேலையாக, உங்கள் விவரச் சேகரிப்பு எங்கே, எந்த நேரத்தில் நடக்கிறது என்று பாருங்கள். ஓ.பி. நெரிசல் அடங்கும் மதியத்துக்கு மேல் ஓர் அறை கிடைக்குமா? கிடைக்காவிட்டால், வீட்டிலிருந்தே போனில் பதில் சொல்லலாமா, எழுதி அனுப்பலாமா? நேரில் என்றால், அந்த அறையின் புகைப்படத்தையும் கேள்வித்தாளையும் முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். எத்தனை நிமிடம் ஆகும், யார் பேசுவார்கள், ஊசி உண்டா இல்லையா என்பதைச் சொல்லிவிடுங்கள். ‘ஊசி உண்டா’ என்பதைக் கடைசி நிமிடம் வரை மூடி வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. குழந்தைகளிடமே அது எடுபடுவதில்லை.

அடுத்தது ஒப்புதல் படிவம். நம் படிவங்களில் வழக்கமாக வரும் ஒரு வாக்கியம் இது: ‘மேற்படி ஆய்வில் எனது பங்கேற்பு முற்றிலும் தன்னிச்சையானது என்பதையும், எந்நேரத்திலும் எவ்விதக் காரணமும் கூறாமல், எனக்குரிய மருத்துவப் பராமரிப்பு பாதிக்கப்படாத வகையில், விலகிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு என்பதையும் நான் அறிவேன்.’ உங்கள் தம்பியிடம் கொடுத்துப் பாருங்கள். ‘தன்னிச்சை’ என்ற இடத்தில் நிற்பார். ஊரில் யாரை அப்படிச் சொல்வார்கள்? யார் பேச்சையும் கேட்காமல் இஷ்டத்துக்குத் திரிகிறவனை. சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும் ஒருவர், ‘நான் அப்படிப்பட்டவன் இல்லையே’ என்று கையெழுத்துப் போட மறுத்தால், நெறிமுறைப்படி அவர் செய்தது சரி.

இப்படி எழுதிப் பாருங்கள்: ‘இதில் சேரலாம். சேராமலும் இருக்கலாம். நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் நிறுத்திவிடலாம். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. நிறுத்தினாலும் மாத்திரை வழக்கம்போலக் கிடைக்கும்.’ ஒரு வரிக்கு ஒரு செய்தி. எழுத்து பெரிதாக, வரிக்கு வரி இடைவெளி விட்டு. டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை வாசிப்பதில் சிரமம், உள்ளவருக்கு அதே வரிகளை உங்கள் குரலில் பதிவு செய்து கொடுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட பாட்டிக்கும் இதே படிவம்தான் புரியும் என்பதைக் கைடிடம் சொல்லுங்கள். உங்கள் ஆய்வில் சேரும் ஆட்களில் அந்தப் பாட்டிகள்தானே அதிகம்!

இனி கேள்வித்தாள். பி.எச்.கியூ.-9 பயன்படுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10-ஐத் தொட்டால் மனச்சோர்வு இருக்கலாம் என்று கணக்கு. ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் நிலைக்காமையும் மிகுதுடிப்பும், உள்ள ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு அதை நிரப்பிப் பாருங்கள். மூன்றாவது கேள்வி தூக்கம்: இரவு இரண்டு மணி வரை அவருக்குத் தூக்கம் வராது, சிறு வயதிலிருந்தே அப்படித்தான். 3 மதிப்பெண். ஏழாவது, செய்தித்தாள் படிப்பது, டி.வி. பார்ப்பது போன்றவற்றில் கவனம் நிற்கிறதா: நிற்காது. 3. எட்டாவது, மற்றவர்கள் கவனிக்கும் அளவுக்கு மெதுவாக அசைகிறீர்களா, அல்லது அதற்கு நேர்மாறாக நிலைகொள்ளாமல் அலைகிறீர்களா: அலைகிறார். 3. ஆக 9. சர்க்கரைக்கே உரிய அசதிக்கு நான்காவது கேள்வியில் ஒரு மதிப்பெண் விழுந்தால் 10. மனிதர் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்; உங்கள் அட்டவணையில் மனச்சோர்வு என்று ஏறிவிடுவார்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஆட்டிசம் உள்ள பலருக்குத் தங்கள் உணர்ச்சிக்குப் பெயர் சொல்ல வராது. உள்ளே உடைந்துகொண்டிருப்பார்கள், ‘மனம் தளர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தீர்களா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பார்கள். எதைக் கேட்கிறீர்கள் என்றே புரியாததால் வரும் ‘இல்லை’ அது. இரண்டு பேருக்கும் தவறான விடை, இரண்டும் வெவ்வேறு திசையில்.

அதற்காகக் கேள்விகளை இஷ்டப்படி மாற்றிவிடாதீர்கள். சரிபார்க்கப்பட்ட கருவி என்ற தகுதி போய்விடும்; பிறகு உங்கள் எண்ணை யாருடைய எண்ணோடும் ஒப்பிட முடியாது. கேள்விகளை அப்படியே வைத்துவிட்டு, முன்னால் ஒரு விளக்கம் சேருங்கள். ‘கடந்த இரண்டு வாரங்கள்’ என்றால் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று காலண்டரில் வட்டமிட்டுக் காட்டுங்கள். ‘பாதிக்கு மேற்பட்ட நாட்கள்’ என்பது பதினான்கில் எட்டு நாளோ அதற்கு மேலோ என்று எழுதுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, ‘இது உங்களுக்கு எப்போதும் இருப்பதா, இந்த இரண்டு வாரத்தில் கூடியதா?’ என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்த மதிப்பெண்ணை மரபுப்படியே கொடுங்கள். இந்தக் குறிப்பைத் தனி அட்டவணையாகக் கொடுங்கள். உங்கள் ஆய்வேட்டில் பிறர் எடுத்துப் பயன்படுத்தப் போவது அந்த அட்டவணையாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

ஆய்வுக்கு ஆள் சேர்ப்பதற்கு முன்பே, கேள்வியை யார் போடுகிறார்கள் என்ற விஷயம் ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அது வரவில்லை. அடித்தளமே அதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பிரிட்டனில் 2007 முதல் 2011 வரை ஆட்டிசம் ஆய்வுக்குச் செலவான பணத்தை லிஸ் பெலிகானோ என்ற ஆய்வாளரின் குழுவினர் கணக்கெடுத்தார்கள். 56 சதவீதம் உயிரியல், மூளை, அறிதிறன் ஆய்வுகளுக்குப் போயிருந்தது. ஆட்டிசம் உள்ளவர்களிடமும் குடும்பத்தாரிடமும் கேட்டபோது, அன்றாட வாழ்க்கைக்கு உதவும் சேவைகள், திறன்கள் பற்றிய ஆய்வே வேண்டும் என்றார்கள். பந்தி ஒரு பக்கம், பசி ஒரு பக்கம்.

அதே நாட்டில் 2021 ஆகஸ்டில் ‘ஸ்பெக்ட்ரம் 10கே’ என்ற பெரிய திட்டம் அறிவிக்கப்பட்டது. கேம்பிரிட்ஜின் சைமன் பேரன்-கோஹன் தலைமையில், ஆட்டிசம் உள்ள 10,000 பேரின் மரபணு மாதிரியைச் சேகரிப்பது நோக்கம். பணம் இருந்தது, பேர்போன பல்கலைக்கழகம் இருந்தது, நெறிமுறை அனுமதியும் இருந்தது. ‘எங்கள் மரபணுவை வைத்து என்ன செய்வீர்கள், யாரிடம் கொடுப்பீர்கள், கருவிலேயே கண்டுபிடித்துக் கலைக்கவா?’ என்று அந்த மக்களே எதிர்த்துக் கிளம்பினார்கள். செப்டம்பரில் திட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு, கலந்தாலோசனைக்குப் போனார்கள். முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்யப்போனதற்குக் கொடுத்த விலை அது. அந்தச் சந்தேகம் முழுவதும் நியாயமா என்பதில் எனக்கு இரண்டு மனம் உண்டு. மரபணு ஆய்வே கூடாது என்கிற கட்சி இல்லை நான். ஆனால் சந்தேகத்தைப் போக்கும் பொறுப்பு கேட்கிறவருக்கு உரியது, கொடுக்கிறவருக்கு உரியது அல்ல.

இதற்கு நேர்மாறான உதாரணம் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் இருக்கிறது. கிறிஸ்டினா நிக்கொலாய்டிஸ் என்ற மருத்துவரும், தாமே ஆட்டிசம் உள்ளவரான ஆய்வாளர் டோரா ரேமேக்கரும் சேர்ந்து 2006-இல் தொடங்கிய ‘ஆஸ்பயர்’ குழு அது. ஆட்டிசம் உள்ளவர்கள் அங்கே ஆய்வாளர்களாகவே உட்காருகிறார்கள். கூட்டங்களைத் தட்டச்சு உரையாடலாக நடத்தினார்கள். முகம் பார்த்துப் பேசுவது சிரமமாக உள்ளவருக்கும் அதில் சம பங்கு கிடைக்கும். ஒரு முடிவு பிடித்திருக்கிறதா, பொறுத்துக்கொள்ளலாமா, ஏற்கவே முடியாதா என்பதை ஒன்று முதல் ஐந்து வரை விரல் கணக்கில் சொல்லிவிடும் முறையை வைத்துக்கொண்டார்கள். கேள்வித்தாள்களை ஆட்டிசம் உள்ளவர்கள் படித்து, எந்தச் சொல் குழப்புகிறது என்று குறித்தார்கள். அந்த இடத்திலேயே விளக்கம் சேர்த்தார்கள். மேலே உங்களுக்குச் சொன்ன விளக்க உத்தி அவர்களிடம் கற்றதுதான். அந்த வகையான கூட்டு உழைப்பில்தான் நெடுநாள் சமாளித்துச் சமாளித்துச் சக்தி வற்றிப்போகும் ‘ஆட்டிசச் சோர்வு’ என்ற அனுபவம் 2020-இல் ஆய்விதழில் வரையறையோடு ஏறியது. அனுபவித்தவர்கள் பல வருடங்களாகப் பேசிவந்த விஷயம் அது. நம்மில் யாரும் கேட்கவில்லை.

உங்களிடம் அவ்வளவு பணமும் காலமும் கிடையாது. நான்கு பேர் போதும். உங்கள் ஊரில் பெற்றோர் சங்கமோ சிறப்புப் பள்ளியின் முன்னாள் மாணவர்களோ இருப்பார்கள், ஆட்டிசம், ஏ.டி.எச்.டி., டிஸ்லெக்சியா உள்ள பெரியவர்கள் நான்கு பேரைப் பிடித்து, படிவத்தையும் கேள்வித்தாளையும் கொடுத்து, தடுக்கும் இடத்தில் கோடு போடச் சொல்லுங்கள். பஸ் கட்டணமும் நேரத்துக்கான தொகையும் கொடுங்கள். ‘சேவையாகச் செய்யட்டுமே’ என்று யாராவது சொன்னால், நம் புள்ளியியல் ஆலோசகரிடம் அப்படிச் சொல்வோமா என்று திருப்பிக் கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கைடு கேட்பார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஆறாவது பிரிவு. மாற்றுத்திறனாளி ஒருவரை ஆய்வுக்கு உட்படுத்த, அவருக்கு எட்டக்கூடிய முறையில், வடிவத்தில் பெற்ற சுதந்திரமான, தகவலறிந்த ஒப்புதல் வேண்டும். அதோடு, அரசு அமைக்கும் மாற்றுத்திறன் ஆய்வுக் குழுவின் முன் அனுமதியும் வேண்டும். அந்தக் குழுவில் பாதிக்குக் குறையாதவர்கள் மாற்றுத்திறனாளிகளாகவோ அவர்களுக்கான பதிவுபெற்ற அமைப்புகளின் உறுப்பினர்களாகவோ இருக்க வேண்டும். நல்ல சட்டம். இதையே காட்டி, ‘எதற்கு வம்பு, விலக்கிவிடு’ என்று சொல்வதற்கும் இது வாகாக இருக்கிறது, அதுதான் வேடிக்கை. உங்கள் நெறிமுறைக் குழுச் செயலரிடம், இந்த அனுமதிக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் கேட்டால் வாய்ப்பேச்சில்தான் பதில் வரும்.

ஆட்டிசம் என்றாலே பெற்றோர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 26 வயதுக்காரருக்குப் படிவம் புரிந்தால் அவரே ஒப்புதல் தருவார். புரிந்ததா என்பதை, ‘என்ன செய்யப்போகிறோம், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்’ என்று கேட்டு அறியலாம். எழுதியும் காட்டலாம், படம் தொட்டும் காட்டலாம். அப்படியும் இயலாதவருக்குத்தான் சட்டப்படியான பாதுகாவலர். அவர் கையெழுத்துப் போட்ட பிறகும், பங்கேற்பவர் முகத்தைத் திருப்பினால், கையை இழுத்துக்கொண்டால், அது மறுப்பு. பேச்சில்லாத ஒருவர் ‘வேண்டாம்’ என்பதை எப்படிக் காட்டுவார் என்று வீட்டாரிடம் முதலிலேயே கேட்டு, புரொஃபார்மாவின் மேல் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: அடையாள அட்டையைக் கேட்டு ஆள் கண்டுபிடிக்காதீர்கள். சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு, ஏ.டி.எச்.டி. இல்லை. நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் எத்தனை பேருக்கு ஆட்டிசம் என்று யார் பார்த்தார்கள்? ‘பிடிவாதக்காரி’, ‘ஒரு மாதிரி’ என்று பெயர் வாங்கியே வயதாகியிருக்கும். ஆகவே வருகிற எல்லோரிடமும், ‘உங்களுக்கு வசதியாக இருக்க நாங்கள் ஏதாவது மாற்ற வேண்டுமா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். யார் எது என்று தெரிய வேண்டியதில்லை.

எண்ணிக்கை பற்றிய உங்கள் கவலைக்குச் சுருக்கமாக: முந்நூறு பேரில் நான்கைந்து பேர்தான் இப்படி வருவார்கள். அவர்களை வைத்துத் தனி முடிவு எதுவும் எழுதாதீர்கள், எழுதவும் முடியாது. யாரையெல்லாம் திருப்பி அனுப்ப நேர்ந்தது, என்ன காரணம் என்று ஒரு பதிவேடு வையுங்கள். ‘அறையில் சத்தம்’, ‘எழுத்து வடிவம் கேட்டார், கையில் இல்லை’ என்று நம் பக்கத்துக் காரணமாக எழுதுங்கள். கைடு சொல்வதுபோல ஆய்வேடு முடியாமல் போகாது. ஒருவருக்கு இருபது நிமிடத்துக்குப் பதில் நாற்பது நிமிடம் ஆகும், அதுவும் சிலருக்கு மட்டும்.

தம்பியை முதல் பங்கேற்பாளராகச் சேர்க்க வேண்டாம். அவருக்குச் சர்க்கரை இல்லை என்பது ஒரு பக்கம், இருந்தாலும் கூடாது. அக்கா கேட்டால் தம்பியால் மறுக்க முடியுமா? படிவத்தைப் படிக்கும் அந்த நான்கு பேரில் ஒருவராக வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். பணம் கொடுங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், இரண்டாம் முறை கேட்காதீர்கள்.

நெறிமுறைக் குழுவுக்குத் திருத்த விண்ணப்பம் போடுங்கள். பழைய வரியை அடித்துவிட்டு இப்படி எழுதலாம்: ‘உரிய ஏற்பாடுகள் செய்து கொடுத்த பிறகும் ஒப்புதல் தராதவர்களும், தம் மறுப்பைச் சொல்லாலோ செயலாலோ தெரிவிப்பவர்களும் சேர்க்கப்பட மாட்டார்கள், செய்த ஏற்பாடுகள் பதிவு செய்யப்படும்.’ அனுப்புவதற்கு முன் தம்பியிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். நான் எழுதியதிலும் ஒற்றுப்பிழை இருக்கலாம்.